மிர்லின் பாடாத கடைசி வரி

அத்தியாயம் 14

வருகிற திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கோர்ட்டில் நீதிபதி மிர்லினைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "நீ யாரோட இருக்கணும்னு ஆசைப்படறே பாப்பா?" என்று கேட்பார்.

ஆறு வயதுக் குழந்தை சொல்லப்போகிற அந்த ஒரு பதிலில்தான் அவள் அம்மா எஸ்லினின் உயிர் இருக்கிறது. இன்று வியாழன். இன்னும் நான்கே நாள்.

இந்த வாரம்தான் படிக்க வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்லின் காதலித்து, வீட்டை எதிர்த்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டது சுரேந்தரை. கர்நாடக எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே அவன் வீடு. வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நல்ல நாளில் அவனைப்போல் ஒரு மனுஷன் கிடையாது. ஆனால் எட்டு மாதத்துக்கு முன் ஒரு கெட்ட நாளில், அவள் இடது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினான். மணிக்கட்டில் பிளேட் வைத்துத் தைத்த கையோடு, மகளைக் கூட்டிக்கொண்டு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் அண்ணன் அருள்ஜோசப் வீட்டுக்கு வந்தவள்தான். திரும்பிப் போகவில்லை.

அவள் போலீசுக்கும் போகவில்லை. அதற்காக, குழந்தை யாரிடம் என்கிற கேஸில் அவளுக்கு வாதாடுகிற வக்கீலம்மா இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார்.

மிர்லினிடமும் சொல்லவில்லை. அன்று குழந்தை ஸ்கூலில் இருந்தாள். "அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று எஸ்லின் சொன்னதைத்தான் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்பனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பிள்ளை காதில் விழக்கூடாது என்று எஸ்லினுக்கு ஒரு வைராக்கியம். பெரிய மனசுதான், யார் இல்லை என்றது? பெரிய மனசுக்காரர்களைத்தான் இந்த உலகம் முதலில் மிதிக்கிறது.

போதும். கதைக்கு வருவோம்.

மதியம் இரண்டு மணிக்கு எஸ்லினுக்கு ஷிஃப்ட் முடிந்தது. வண்டிகளுக்கு ஒயரிங் கட்டுகிற கம்பெனி அது. உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். லாக்கரைத் திறந்து எடுத்துப் பார்த்தால் ஸ்கூலிலிருந்து ஐந்து மிஸ்டு கால்.

எஸ்லின் திரும்பக் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. சுரேந்தர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானா? கம்பெனி பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கேட் எதிரே நின்ற ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

நல்லவேளை, மிர்லின் ஸ்கூலில்தான் இருந்தாள். ஹாலின் ஓரத்தில், காகிதத்தில் செய்த கிரீடத்தோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பயந்துட்டீங்களா? பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லம்மா" என்றார் சாந்தம்மா மிஸ். ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளை ஆட வைக்கிற பொறுப்பு அவருடையது. "ஆனா ஒரு விஷயம் உங்களைக் கேக்கணும். பாப்பா அந்தப் படத்தை எங்க பார்த்தா?"

எந்தப் படம் என்று எஸ்லின் கேட்கவில்லை. ஓசூரில் ஒரு மாதமாகக் குழந்தை இருக்கிற வீட்டில் எல்லாம் ஒரே படம்தான். 'மணிக்கூண்டு இளவரசி'. கிறிஸ்துமஸுக்கு வந்த கார்ட்டூன் படம். எங்கேயோ வெளிநாட்டில் செய்து, இங்கே எல்லா பாஷையிலும் பேச வைத்து விட்டிருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. டிபன் பாக்ஸில், தண்ணி பாட்டிலில், ரிப்பனில் எல்லாம் அந்த இளவரசிதான். படத்தில் கடைசியாக வருகிற பாட்டுக்குத்தான் மிர்லின் ஆடப்போகிறாள். குரல் நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே இளவரசி வேஷம்.

"எங்கண்ணன் கூட்டிட்டுப் போச்சு மிஸ். எனக்கு ஞாயித்துக்கிழமை எல்லாம் கம்பெனில ஓ.டி. டூட்டி. இங்கதான், பஸ் ஸ்டாண்டுகிட்ட தியேட்டர்ல."

"தமிழ்ல?"

"ஆமா மிஸ். ஏன்?"

சாந்தம்மா மிஸ் மிர்லினைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார். 'மணியே மணியே, மெல்ல நீ முழங்கு' என்று தமிழில் ஆரம்பித்தது. மிர்லினின் உதடுகள் தன்னால் அசைந்தன.

"கண்டெயே கண்டெயே, மெல்ல நீ மொளகு..."

கன்னடம். ஒரு எழுத்து பிசகாமல், முழுப் பாட்டும் கன்னடம்.

"மொதல்ல நானும் பெருசா எடுத்துக்கல" என்றார் மிஸ். "ஓசூர்ல இது ஒரு விஷயமா? எங்க வூட்லயே மூணு பாஷை. பக்கத்து வூட்டுப் பசங்ககிட்ட ரெண்டு வார்த்தை கத்துட்டு வந்திருக்கும்னு நெனச்சேன். ஆனா பாட்டு முழுசும் வருது பாருங்க, ஒருக்கா பார்த்தா இப்படி வராது. கன்னடத்துல அந்தப் படம் அத்திப்பள்ளி தியேட்டர்லதான் ஓடுது. எம் பசங்களை நானே அங்கதான் கூட்டிட்டுப் போனேன்."

அத்திப்பள்ளி.

சுரேந்தர் இருக்கிற ஊர். அண்ணன் ஏன் பொய் சொன்னான்?

"இன்னொண்ணும் இருக்கு. கொஞ்சம் பாருங்க" என்றார் மிஸ்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. கடைசி வரிக்கு முன்னால் இசை ஒரு நொடி நின்றது. மிர்லின் சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர்.

"மூணு நாளா இதே கதை. எல்லாம் பாடறா. கடைசி வரி மட்டும் பாட மாட்டேங்கறா. அடிச்சாக்கூட வராது போல. என்னான்னு கேளுங்கம்மா, நாங்க கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

ஸ்கூலுக்கு வெளியே இருந்த பேக்கரியில் மகளுக்கு, தேங்காய்ப் பூரணம் வைத்த ஒரு தில்பசந்த் வாங்கிக் கொடுத்தாள் எஸ்லின். பெஞ்சில் உட்கார வைத்தாள். தைமாசத்துக் குளிரில் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. குரலை மட்டும் பஞ்சு மாதிரி வைத்துக்கொண்டாள்.

"மாமாவோட எத்தனை தடவ படத்துக்குப் போனே கண்ணு?"

"மூணு."

"மாமாவும் நீயும் மட்டுமா?"

மிர்லின் தில்பசந்தில் இருந்த செர்ரியை மட்டும் நோண்டி எடுத்தாள். "மாமா மாதா மேல சத்தியம் வாங்கிடுச்சு. சத்தியம் பண்ணா சொல்லக்கூடாதுல்ல?"

"அம்மாகிட்ட சொல்லலாம். மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

குழந்தை யோசித்தாள். பிறகு கிட்டே வந்து, காதோடு வாயை வைத்து, மெதுவாகச் சொன்னாள்.

"கரடி வந்துச்சும்மா."

"கரடியா?"

"அப்பாதான் கரடி. சாபத்துனால ஆயிட்டாரு. அதனாலதான் சத்தம் போடறாரு. சாபம் போயிடுச்சுன்னா ராஜா ஆயிடுவாரு. நல்ல ராஜா."

படத்தின் கதை அதுதான். ராஜாவைக் கரடியாக மாற்றிவிட்டு, அவன் மகளை மணிக்கூண்டில் பூட்டி வைத்து வளர்க்கிறாள் ஒரு சூனியக்காரி. சோறு ஊட்டுகிறாள், தலை வாருகிறாள், தாலாட்டுப் பாடுகிறாள். 'வெளியே போகாதே, கரடி கடிக்கும்' என்று தினமும் பயமுறுத்துகிறாள். கரடி வாசலிலேயே நின்று அழுகிறது. கடைசியில் இளவரசி பாடுகிற பாட்டில் மணி அடித்து, கரடி ராஜாவாகிறது.

சூனியக்காரி யார் என்று எஸ்லின் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அருள்ஜோசப் வீட்டுக்கு வரும்போது மணி ஆறு. லேத் பட்டறையில் செக்கிங் வேலை அவனுக்கு. முப்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. தங்கை ஓடிப்போன வருஷத்தில் ஒரு சம்பந்தம் முறிந்தது. அப்புறம் இரண்டு. தங்கை திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவன் அவன். அதை எஸ்லின் ஒருநாளும் மறந்ததில்லை. அதனால்தான் இன்று நெஞ்சு இப்படி எரிந்தது.

"மிர்லின், நீ உள்ள போய் எழுது" என்று மகளை அனுப்பினாள். அண்ணன் முன்னால் டீ டம்ளரை வைத்தாள்.

"அண்ணா, அத்திப்பள்ளி தியேட்டர்ல பாப்கார்ன் நல்லா இருக்குமா?"

அருள்ஜோசப் எடுத்த டம்ளரைத் திரும்பக் கீழே வைத்தான்.

"யார் சொன்னது?"

"யார் சொன்னா என்னா? மூணு ஞாயிறு. நான் அங்க ஓ.டி. பார்த்துட்டு இருக்கேன், நீ எம் பொண்ணைக் கொண்டுபோய் அவன் பக்கத்துல ஒக்கார வெச்சிருக்கே. வேலியே பயிரை மேஞ்சா நான் யார்கிட்ட போய் சொல்றது?"

"கத்தாத எஸ்லினு. பாப்பாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! என்னாத்துக்குண்ணா பண்ணே?"

அருள்ஜோசப் தரையைப் பார்த்தான். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷன். கேட்டதும் சொல்லிவிட்டான்.

"எனக்குப் பார்த்த பர்கூர் பொண்ணு வூட்ல ஒத்துக்கிட்டாங்க. ஆனா தங்கச்சி புருஷன் வூட்டுக்குப் போனாத்தான் ஓலைக்குப் பேர் குடுப்பாங்களாம். வாழாவெட்டி நாத்தனார் இருக்கற வூட்டுக்குப் பொண்ணை அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை முதல் ஓலை வாசிக்கணும்னு இருந்துச்சு. பாப்பா அப்பனோட ஒட்டிக்கிட்டா உனக்கும் மனசு மாறும்னு நெனச்சேன்."

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை என்று பெயர் வாசித்தால்தான் கல்யாணம். மூன்று ஞாயிறு. அதற்காகப் போன மூன்று ஞாயிறும் அவன் பூசை முடிந்த கையோடு குழந்தையை எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போயிருக்கிறான்.

"அதுக்கோசரம் எம் பொண்ணா?"

"எனக்கோசரம் மட்டும் இல்ல. சுரேந்தர் போன் பண்ணிட்டே இருந்தான். ஒருக்கா கண்ணுல காட்டு மச்சான்னு அழுதான். தியேட்டர்ல பாப்பா மடியில தலை வெச்சு அழுதான் எஸ்லினு. நான் பார்த்தேன். அவன் திருந்திட்டான்."

"எங் கையை ஒடைச்ச அன்னிக்கு சாயந்திரமும்தான் அழுதான்! உனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில கட்டுப் போடறப்போ நீதானே கூட நின்னே?"

"ஒருக்காதான்னு நெனச்சேன். பாப்பாவுக்கும் அப்பன் வேணும் இல்ல?"

எஸ்லினுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. டீ டம்ளரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். "நான் சம்பாதிக்கறேன், நான் ஆக்கிப் போடறேன், நான் கண்ணு முழிக்கறேன்! அப்பனாம் அப்பன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துப் போர்ஷன் டிவியின் ஒலி குறைந்தது. தலை கலைந்து, கண் சிவந்து, அவள் அவளாகவே இல்லை.

உள் வாசலில் மிர்லின் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாட மாட்டேன்" என்று விரல்களுக்குள்ளிருந்து கேட்டது. "நான் பாட மாட்டேம்மா! கத்தாதம்மா! நான் பாடவே மாட்டேன்!"

எஸ்லினுக்கு வந்த கோபம் எல்லாம் அப்படியே அடங்கிவிட்டது. ஓடிப்போய் மகள் முன்னால் மண்டி போட்டாள்.

"என்னா கண்ணு? என்னா பாட மாட்டே?"

"கடைசி வரி. பாடினா நீ போயிடுவே."

"எங்க போயிடுவேன்?"

"புகையா."

அந்தக் கடைசி வரி கன்னடத்தில் 'கட்டித கையே, ஹொகெயாகி ஹோகு'. கட்டி வைத்த கையே, புகையாகிப் போ. இளவரசி அதைப் பாடினதும் படத்தில் சூனியக்காரி கால் விரலிலிருந்து கரைந்து, புகையாகி, ஜன்னல் வழியாகப் போய்விடுகிறாள். தியேட்டரில் குழந்தைகள் எல்லாம் கை தட்டுகிற இடம் அது.

"நீதான் அவங்களாம்மா. அப்பா சொன்னாரு. நீதான் அப்பாவைக் கரடி ஆக்கினியாம். என்னைக் கூண்டுல வெச்சிருக்கியாம்." விக்கலுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வந்தது. "திங்கக்கிழமை ஜட்ஜ் மாமா கேப்பாராம். அப்பாவோட போறேன்னு சொல்லணுமாம். அதுதான் நெஜமான கடைசி வரியாம். சொன்னவுடனே அப்பா ராஜா ஆயிடுவாரு."

"அப்போ அம்மா?" என்றாள் எஸ்லின்.

மிர்லின் அம்மாவின் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? அடிக்கிற கையைக்கூட மன்னித்துத் தொலைக்கலாம். பிள்ளை ஆசையாய்ப் பார்க்கிற படத்தை வாங்கி, அதற்குள் இப்படி விஷத்தை வைக்கிற மனசை என்ன செய்வது?

"மாதா சத்தியமா இது எனக்குத் தெரியாது எஸ்லினு" என்றான் அருள்ஜோசப். முகம் வெளுத்துவிட்டது. "எடவேளையில நான் வெளிய போயிடுவேன். அப்பனும் பொண்ணும் பேசட்டும்னு..."

எஸ்லின் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தது. இந்தக் குழந்தை மூன்று வாரமாக, அம்மா உயிர் தன் வாயில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாட்டையும் விழுங்க முடியாமல் துப்பவும் முடியாமல் நடந்திருக்கிறாள். தூக்கத்தில் அவள் திடுக்கென்று எழுந்து அம்மா முகத்தைத் தடவிப் பார்த்தது இப்போதுதான் புரிந்தது. குளிர் என்று நினைத்து எஸ்லின் போர்வையை இழுத்து விட்டிருக்கிறாள், பைத்தியக்காரி!

இந்தப் பயத்தை இன்றைக்கே, இப்போதே பிடுங்கி எறிய வேண்டும்.

"பாடு" என்றாள்.

மிர்லின் தலையை ஆட்டினாள்.

"பாடு கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன். எங்கயும் போக மாட்டேன். நீ பாடு, பாரு."

அவள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம்.

மிர்லின் அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, பல்லுக்கு இடையில்.

"கட்டித... கையே..."

நிறுத்தினாள். தோளில் நகம் பதிந்தது.

"ம்... பாடு."

"ஹொகெயாகி ஹோகு."

பாடி முடித்துவிட்டு அவள் கண்ணைத் திறக்கவில்லை. கையால் தடவினாள். தோள், கழுத்து, கன்னம், மூக்கு. அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"இருக்கே!"

"இருக்கேன்டி என் தங்கமே!"

"கால்?"

"காலும் இருக்கு, பாரு." எஸ்லின் காலை நீட்டி விரலை ஆட்டிக் காட்டினாள். மிர்லின் குனிந்து பத்து விரலையும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாளே ஒரு சிரிப்பு! மூன்று வாரமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. எஸ்லின் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு முத்தமாய்க் கொடுத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அருள்ஜோசப் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ பாடினாலும் போக மாட்டியாம்மா?"

"நூறு தடவ பாடினாலும் போக மாட்டேன்."

"யார்கிட்ட பாடினாலும்?"

"யார்கிட்ட பாடினாலும்."

"மாதா சத்தியமா?"

"மாதா சத்தியமா."

மிர்லின் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் கன்னத்தை வைத்து, நிம்மதியாகச் சொன்னாள்.

"அப்பாடா. அப்போ திங்கக்கிழமை ஜட்ஜ் மாமாகிட்ட அப்பாவோட போறேன்னு சொல்லிடறேம்மா. பாவம்மா அப்பா, எத்தனை நாளைக்குத்தான் கரடியாவே இருப்பாரு?"